விமானத்திலிருந்து ஐசோப்ரீன் ஃப்ளக்ஸ்: ஓக் முடிந்து பைன் தொடங்கும் இடத்தில் நிறை 69-ஐ எவ்வளவு நம்பலாம்?

ஓக்காடு கேட்டது:

இடம் கலிஃபோர்னியா, சியரா நெவாடாவின் மேற்குச் சரிவு. அடிவாரத்தில் நீல ஓக் மரங்கள், மேலே ஏறினால் பாண்டரோசா பைன். 2011 ஜூனில் கேபர்நெட் திட்டத்தில் ட்வின் ஆட்டர் விமானத்தை வைத்து ஓக் காடுகளின் ஐசோப்ரீன் ஃப்ளக்ஸை, அதாவது இலைகள் உமிழும் அந்த வாயு ஒரு சதுர மீட்டருக்கு எவ்வளவு வேகத்தில் மேலே ஏறுகிறது என்பதை, நேரடியாக அளந்தார்கள் அல்லவா, அதே வழியில் ஓக் பட்டையையும் அதற்கு மேலுள்ள பைன் பட்டையையும் சேர்த்து அளப்பது திட்டம்.

விமான வேகம் விநாடிக்கு சுமார் 60 மீட்டர், உயரம் தரையிலிருந்து 400 மீட்டர். கருவி குவாட்ருபோல் பிடிஆர்-எம்எஸ்: டிரிஃப்ட் குழாய் என்ற அறையில் ஹைட்ரோனியம் (புரோட்டான் ஏறிய நீர்) அயனி காற்றிலுள்ள மூலக்கூறுக்கு ஒரு புரோட்டானைக் கொடுக்கும், அப்படி உருவாகும் அயனிகளை ஒவ்வொரு நிறையாக எண்ணும் கருவி. மூக்கில் ஐந்துதுளை காற்றுமானி, அதனோடு ஜிபிஎஸ் இணைந்த ஐஎன்எஸ் (விமானத்தின் சாய்வையும் அசைவையும் தருவது). செங்குத்துக் காற்றின் ஏற்ற இறக்கத்தையும் ஐசோப்ரீன் செறிவின் ஏற்ற இறக்கத்தையும் பெருக்கிச் சராசரி எடுக்கும் எடி கோவேரியன்ஸ் முறை. பிறகு வேவ்லெட் (சிக்னலை இடவாரியாகவும் அளவுவாரியாகவும் பிரிக்கும் கணித முறை) கொண்டு கோட்டின் நெடுகே ஃப்ளக்ஸைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

குழப்பம் நான்கு இடங்களில். பைன் காட்டுக்கு மேலே பறக்கும்போது நிறை 69-இல் வருவது ஐசோப்ரீன்தானா என்பது முதலாவது. அடுத்தது மாதிரிக்காற்றை இழுக்கும் குழாய்: எவ்வளவு நீளம், எவ்வளவு ஓட்டம்? மூன்றாவதாக, பறப்புக் கோடுகளைச் சரிவின் மேல்நோக்கிப் போடுவதா, சரிவுக்கு இணையாகவா? கடைசியாக, 400 மீட்டரில் கிடைக்கும் ஃப்ளக்ஸை இலைகள் உமிழ்ந்த அளவு என்று அப்படியே எடுத்துக்கொள்ளலாமா?

---

சுழிப்பு பதில்:

நிறை 69-ஐ முதலில் பார்ப்போம். மற்ற மூன்றில் பிழை வந்தால் எண் கொஞ்சம் கூடும், குறையும். இதில் பிழை வந்தால் வேறொரு பொருளை அளந்துவிட்டு ஐசோப்ரீன் என்று பெயர் வைத்திருப்பீர்கள்.

பாண்டரோசா பைன் உட்பட வட அமெரிக்காவின் மேற்குப் பகுதிப் பைன்கள் பலவும் மெத்தில் பியூட்டெனால் உமிழ்கின்றன. டிரிஃப்ட் குழாயில் ஹைட்ரோனியம் இதற்குப் புரோட்டான் கொடுத்ததும் நிறை 87 வர வேண்டும். ஆனால் அதில் பெரும்பகுதி உடனே ஒரு நீர் மூலக்கூறை இழந்து 69 ஆகிவிடும். ஐசோப்ரீனின் நிறை 68, புரோட்டானோடு 69. ஆக இரண்டும் ஒரே சேனலில் வந்து விழுகின்றன. இரண்டுமே வெளிச்சத்தையும் வெப்பத்தையும் பொறுத்து ஏறி இறங்குபவை. அதனால் பகல் முழுக்க அளந்து, ஏறி இறங்கும் வடிவத்தை வைத்துப் பிரிக்கவும் வழியில்லை.

செய்யக்கூடியது இது. மெத்தில் பியூட்டெனாலுக்குத் தனி அளவுத்திருத்த வாயு வாங்குங்கள். விமானத்தில் எந்த மின்புல அமைப்பில் ஓட்டுவீர்களோ, அதே அமைப்பில், அதே ஈரப்பதத்தில், 69-க்கும் 87-க்கும் உள்ள விகிதத்தை எடுங்கள். டிரிஃப்ட் குழாயில் 120 முதல் 130 டவுன்செண்ட் (மின்புல வலிமையை வாயு அடர்த்தியால் வகுத்துச் சொல்லும் அலகு) என்பது வழக்கமான வரம்பு. கூட்டினால் உடைப்பு அதிகரிக்கும். குறைத்தால் நிறை 37-இல் நீர்க்கொத்து (ஹைட்ரோனியத்தோடு ஒட்டிய நீர்) ஏறி, ஈரப்பதச் சார்பு தலைதூக்கும். எங்கே நிறுத்தினாலும் சரி, அளவுத்திருத்தத்துக்கும் பறப்புக்கும் நடுவில் அதைத் தொடாதீர்கள். விகிதம் 3 என்று வைத்துக்கொள்வோம். பின்னணி கழித்த 87 விநாடிக்கு 20 எண்ணிக்கை காட்டினால், 69-இல் 60 எண்ணிக்கை பைனுடையது.

இந்தக் கழித்தலைப் புள்ளிக்குப் புள்ளி செய்ய வேண்டாம். 87-இன் சிக்னல் மெலிந்தது, அதை 3-ஆல் பெருக்கும்போது அதன் இரைச்சலையும் 3-ஆல் பெருக்கிவிடுவீர்கள். 69-இன் ஃப்ளக்ஸைத் தனியாகவும் 87-இன் ஃப்ளக்ஸைத் தனியாகவும் கணக்கிட்டு, கோட்டின் சராசரியில் கழியுங்கள். கணிதப்படி விடை ஒன்றுதான். எந்த இடத்தில் பிழை எவ்வளவு என்பது மட்டும் இப்படிச் செய்தால் தெளிவாகத் தெரியும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பகலில் காற்று பள்ளத்தாக்கிலிருந்து சரிவின் மேல்நோக்கி ஏறும். சாக்ரமெண்டோ நகரப் புகையும் ஓக் பட்டையின் ஐசோப்ரீனும் அதோடு சேர்ந்து பைன் காட்டுக்கு வந்துசேரும். அதனால் பைன் மேலே உண்மையான ஐசோப்ரீன் *செறிவு* இருக்கத்தான் செய்யும். ஆனால் அது கீழிருந்து எழவில்லை, பக்கவாட்டில் வந்தது. செறிவை மட்டும் பார்த்து, பைன் ஐசோப்ரீன் உமிழ்கிறது என்று எழுதுகிறவர்களும் தப்பு, மெத்தில் பியூட்டெனால் குறுக்கீடு என்று மொத்தத்தையும் தள்ளிவிடுகிறவர்களும் தப்பு. ஃப்ளக்ஸ் அளப்பதன் பயனே இந்த இடத்தில்தான் தெரியும்.

குழாய் விஷயம். பிஎஃப்ஏ டெஃப்லான், உள்விட்டம் 4 மி.மீ., நீளம் 5 மீட்டருக்குள், ஓட்டம் நிமிடத்துக்கு 20 லிட்டர். இந்த அளவில் ரேனால்ட்ஸ் எண் சுமார் 7,000. ஓட்டம் கொந்தளிப்பாக இருக்கும், மாதிரி குழாய்க்குள் நீட்டிப் பரவாது. காற்று உள்ளே தங்கும் நேரம் 0.2 விநாடி. இதற்கு விலையாக 5 மீட்டரில் 180 ஹெக்டோபாஸ்கல் அளவுக்கு அழுத்தம் விழும், பம்ப்பை அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். கருவிக்கு இதில் ஒரு சிறு கிளை போதும், மீதியை வெளியே தள்ளிவிடலாம். குழாயை 40 டிகிரி அளவில் சூடாக்குங்கள். முழு நீளத்துக்கும் ஒரே சூடு இருக்க வேண்டும். மூக்கருகே ஒரு சாண் விட்டுப்போனால் அங்கேதான் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். முகப்பில் டெஃப்லான் வடிகட்டி, ஒவ்வொரு பறப்புக்கும் புதிது.

எஃகு இணைப்புகளை முடிந்தவரை தவிருங்கள். ஐசோப்ரீனுக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஆனால் ஐசோப்ரீன் ஆக்சிஜனேற்றத்தில் உருவாகும் ஹைட்ராக்சி ஹைட்ரோபெராக்சைடுகள் உலோகப் பரப்பில் உடைந்து 71-இல் வந்து நிற்கும். ஐசோப்ரீனின் விளைபொருள்களான மெத்தில் வினைல் கீட்டோனையும் மெத்தக்ரோலினையும் 71-இல் அளந்து வேதியியல் கணக்குப் போடுவீர்களானால், உங்கள் எண்ணில் பாதி குழாய்க்குள்ளேயே தயாரானதாக இருக்கலாம்.

பின்னணிக்கு (ஐசோப்ரீன் இல்லாதபோதும் கருவி காட்டும் எண்), வெளிக்காற்றையே 350 டிகிரியில் உள்ள பிளாட்டினம் வினையூக்கி வழியாக அனுப்புங்கள். உருளையில் வரும் உலர்ந்த ஜீரோ ஏர் (மாசு நீக்கிய காற்று) வேண்டாம். ஈரப்பதம் மாறினால் பின்னணியும் மாறும். அளவுத்திருத்தத்துக்கு 1 பிபிஎம் உருளையிலிருந்து நிமிடத்துக்கு 10 மி.லி., அதை வினையூக்கி வழி வரும் 1 லிட்டரில் கலந்தால் 9.9 பிபிபி (நூறு கோடியில் 9.9 பங்கு). பறப்பதற்கு முன், பறக்கும்போது, இறங்கிய பின் என மூன்று முறை.

---

தட்டான்68 பதில்:

இத்தனை சுற்று எதற்கு? டாஃப் வகை (அயனி பறக்கும் நேரத்தை வைத்து நிறை காணும்) பிடிஆர் போட்டால் தசமத்தில் மூன்றாம் இடம் வரை நிறை தெரியும். 69 குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். 10 ஹெர்ட்ஸில் எல்லா நிறையும் ஒரே நேரத்தில் கிடைக்கும், குவாட்ருபோல் போல ஒவ்வொன்றாகத் தாவ வேண்டியதில்லை.

---

சுழிப்பு பதில்:

வேகம் பற்றிச் சொன்னது சரி. 69 தீராது.

டாஃப் பிரிப்பது ஃப்யூரானை. அது 69.033, ஐசோப்ரீன் 69.070. காட்டுத்தீப் புகைக்குள் பறந்தால் அது பெரிய உதவி. ஆனால் மெத்தில் பியூட்டெனால் நீரை இழந்தபின் மிஞ்சும் அயனி ஐந்து கார்பன், ஒன்பது ஹைட்ரஜன். புரோட்டான் ஏறிய ஐசோப்ரீனும் ஐந்து கார்பன், ஒன்பது ஹைட்ரஜன். ஒரே சூத்திரம், ஒரே நிறை. எத்தனை தசமம் வரை போனாலும் அது ஒரே கோடுதான்.

டாஃப் உண்மையில் கைகொடுப்பது 87-இல். மெத்தில் பியூட்டெனால் 87.080-இல் வரும், பியூட்டேன்டையோன் 87.044-இல். குவாட்ருபோலில் இரண்டும் சேர்ந்துவிடுவதால் 87-ஐ முழுக்க மெத்தில் பியூட்டெனால் என்று எடுத்து 3-ஆல் பெருக்கினால், ஐசோப்ரீனை அளவுக்கு மீறிக் கழித்துவிடுவீர்கள்.

வேதியியலால் பிரிக்கத்தான் வேண்டும் என்றால் ஹைட்ரோனியத்துக்குப் பதில் நைட்ரிக் ஆக்சைடு அயனியை வினைபொருளாக்கலாம். அப்போது ஐசோப்ரீன் எலக்ட்ரானை இழந்து 68-இல் வரும், மெத்தில் பியூட்டெனால் ஹைட்ராக்சைடை இழந்து 69-இல் வரும். இதிலும் ஐசோப்ரீனின் கார்பன்-13 பங்கு, சுமார் 5.5 சதவீதம், 69-இல் சிந்தும். அதைக் கழிக்க வேண்டும். ஆனால் வினை அயனியை மாற்றினால் கருவி நிலைபெற நேரம் பிடிக்கும், பறப்புக் கோட்டின் நடுவில் செய்யும் வேலை அல்ல. ஒரு பறப்பை முழுக்க இந்த அமைப்பில் ஓட்டி, மற்றப் பறப்புகளுக்கு விகிதத்தைச் சரிபார்ப்பது நல்லது. அதுவும் முடியாவிட்டால் ஒவ்வொரு கோட்டிலும் இரண்டு மூன்று எஃகு உருளைகளில் காற்றைப் பிடித்துத் தரையில் கேஸ் குரோமட்டோகிராஃபில் ஓட்டுங்கள். அங்கே இரண்டும் தனித்தனி நேரத்தில் வெளிவரும், தகராறே இல்லை.

---

மேல்காற்று பதில்:

வேதியியல் தரப்பு நன்றாகவே பேசியாயிற்று. எடி கோவேரியன்ஸில் பாதி வேதியியல், பாதி காற்று. காற்றுப் பாதியில்தான் பலரும் சறுக்குகிறார்கள், ஏனென்றால் அந்தக் கருவியிலிருந்து எப்போதும் பார்வைக்கு அழகான எண்கள் வந்துகொண்டே இருக்கும்.

செங்குத்துக் காற்றை யாரும் நேரடியாக அளப்பதில்லை. விமானத்தைச் சார்ந்து காற்று எந்தக் கோணத்தில் வருகிறது என்பது, மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்பது, விமானமே எவ்வளவு வேகமாக ஏறி இறங்குகிறது என்பது, இம்மூன்றையும் கூட்டிக் கழித்து எடுப்பது. இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண். விநாடிக்கு 60 மீட்டர் வேகத்தில் மூக்குச் சாய்வில் 0.1 டிகிரி பிழை இருந்தால் செங்குத்துக் காற்றில் 0.1 மீட்டர் பிழை. மதிய வெப்பத்தில் உண்மையான செங்குத்துக் காற்றின் அலைவே 1 மீட்டர் அளவுதான். இறக்கை தன் முன்னால் காற்றை மேலே தூக்குவதால் மூக்கிலும் தாக்குகோணம் கொஞ்சம் மிகைப்படும். அந்தத் திருத்தம் வேகத்தையும் எடையையும் பொறுத்து மாறும். எரிபொருள் நிறைந்த டாங்குடன் கிளம்பிய கோட்டுக்கும் திரும்பும் கோட்டுக்கும் ஒரே திருத்தம் போடுவது சரியல்ல.

சரிபார்க்க ஒரே வழி, எல்லைப்படலத்துக்கு (தரையின் சூட்டில் கலங்கும் கீழ்க்காற்று அடுக்குக்கு) மேலே அசைவற்ற காற்றில் விமானத்தை வேண்டுமென்றே ஆட்டிப் பார்ப்பது. லென்ஷோ முறைகள் என்று சொல்வது இதைத்தான். மூக்கை மேலும் கீழும் அலைபோல ஆட்டுங்கள். பிறகு இடம் வலமாக. வேகத்தைக் கூட்டிக் குறைத்து. கடைசியாக ஒரே கோட்டில் போய் எதிர்த்திசையில் திரும்பி. கணக்கிட்ட செங்குத்துக் காற்றில் அந்த ஆட்டம் தெரியக்கூடாது. விமானம் ஏறி இறங்கிய வேகத்தில் 10 சதவீதத்துக்கு மேல் செங்குத்துக் காற்றில் கசிந்தால் அளவுத்திருத்தம் சரியில்லை என்று அர்த்தம். இதைத் திட்டத்தின் தொடக்கத்தில் ஒருமுறை செய்து முடித்துவிட்டதாக நினைக்காதீர்கள். யாராவது காற்றுமானியைக் கழற்றித் துடைத்து மாட்டினால்கூட மறுபடி செய்ய வேண்டும்.

கோட்டின் திசையில் தயக்கமே வேண்டாம்: சரிவுக்கு இணையாக. சியரா நெவாடா ஏறத்தாழ வடமேற்கு தென்கிழக்காக ஓடுகிறது, பகலில் காற்று மேற்கிலிருந்து சரிவேறுகிறது. இணையாகப் பறந்தால் காற்றுக்குக் குறுக்கே பறப்பீர்கள். ஒரே தூரத்தில் அதிகச் சுழிப்புகளைச் சந்திப்பீர்கள். காற்றோடு நீளவாக்கில் நிற்கும் சுருள்களில் ஒன்றுக்குள்ளேயே பல கிலோமீட்டர் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் இல்லை. தரையிலிருந்து உயரமும் அதிகம் மாறாது. சரிவின் மேல்நோக்கிப் பறந்தால் விமானி ஏறிக்கொண்டே இருப்பார், செறிவும் மாறிக்கொண்டே இருக்கும். விமானத்தின் ஏற்றத்தில் கொஞ்சம் செங்குத்துக் காற்றில் கசிந்தாலும் இரண்டும் கைகோத்துப் பொய் ஃப்ளக்ஸ் உண்டாகிவிடும். ஓக்கிலிருந்து பைனுக்கு மாறும் இடம் வேண்டுமென்றால், வெவ்வேறு உயர மட்டத்தில் மூன்று நான்கு இணைகோடுகள் போடுங்கள்.

காலப் பின்னடைவு, அதாவது காற்றுமானிக்கும் பிடிஆருக்கும் இடையிலான நேர வித்தியாசம்: 1 விநாடி பிசகினால் 60 மீட்டர் தள்ளிப்போன காற்றை இப்போதைய செங்குத்துக் காற்றோடு பெருக்குகிறீர்கள். இரண்டு கணினிகளின் கடிகாரத்தையும் ஜிபிஎஸ் நேரத்துக்குக் கட்டுங்கள். ஆனாலும் அதை மட்டும் நம்பாதீர்கள். 37-ஆம் நிறையில் வரும் நீர்க்கொத்துச் சிக்னலை விமானத்தின் வேகமான ஈரப்பதமானியோடு ஒட்டிப் பாருங்கள். இரண்டும் நீராவியைத்தான் பார்க்கின்றன, உச்சம் கூர்மையாக விழும். அதைச் சுற்றி அரை விநாடி இப்படி அப்படி மட்டும் 69-க்கும் செங்குத்துக் காற்றுக்கும் தேடுங்கள். வரம்பில்லாமல் தேடவிட்டால் நிரல் எங்கோ ஓர் இரைச்சல் உச்சத்தைக் கண்டுபிடித்துப் பெருமையாகக் கொண்டுவந்து கொடுக்கும். மெலிந்த சிக்னல் உள்ள பைன் கோடுகளில் அப்படித் தேடினால் ஃப்ளக்ஸ் எப்போதும் மிகையாகவே வரும்.

---

ஓக்காடு எழுதியது:

மிக்க நன்றி. இரண்டு தொடர் கேள்விகள். குவாட்ருபோலில் ஆறு நிறைகளைச் சுற்றிவந்தால் ஒரு சுற்றுக்கு 0.5 விநாடி ஆகிறது. இது எடி கோவேரியன்ஸுக்குப் போதுமா? வேவ்லெட்டில் 2 கி.மீ. பிரிப்பு கிடைக்கும் என்கிறார்களே, அந்தந்த 2 கி.மீ. துண்டின் ஃப்ளக்ஸையும் அதன் கீழே உள்ள மரவகையோடு ஒப்பிடலாமா? நான்காவது கேள்வி, தரை ஃப்ளக்ஸ், இன்னும் பாக்கி நிற்கிறது.

---

மேல்காற்று பதில்:

0.5 விநாடி போதும். 400 மீட்டரில் ஃப்ளக்ஸைச் சுமப்பவை சில நூறு மீட்டரிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் வரையுள்ள பெரிய சுழிப்புகள். உங்கள் வேகத்தில் 400 மீட்டரைக் கடக்க 7 விநாடி ஆகும், 1,500 மீட்டருக்கு 25 விநாடி. 0.5 விநாடிக்கு ஒருமுறை, 30 மீட்டருக்கு ஒரு புள்ளி என்பது இதற்குத் தாராளம். கோபுரத்தில் 10 ஹெர்ட்ஸ் கேட்பது சுழிப்புகள் அங்கே சிறியவை என்பதால்.

அந்தச் சுற்றில் 69-க்கு 0.1 விநாடி ஒதுக்கினால் எண்ணிக்கை இரைச்சல் கண்ணுக்குத் தெரியும். பிபிபிக்கு விநாடிக்கு 200 எண்ணிக்கை தரும் கருவியில், 2 பிபிபி காற்றுக்கு 0.1 விநாடியில் 40 எண்ணிக்கை. அதன் சிதறல் 6, அதாவது 16 சதவீதம். பயப்பட வேண்டாம். அந்தச் சிதறலுக்கும் செங்குத்துக் காற்றுக்கும் தொடர்பு இல்லை, சராசரியை அது திருப்பாது.

உங்களை உண்மையில் கட்டிப்போடுவது கோட்டின் நீளம். லென்ஷோவின் சூத்திரப்படி, தற்செயல் பிழையின் மேல்வரம்பு எடுக்க 1.75-ஐ எல்லைப்படலத்தில் உங்கள் உயரப் பங்கின் நான்காம் மூலத்தாலும், படலத்தின் தடிமனைக் கோட்டின் நீளத்தால் வகுத்துவந்ததன் வர்க்கமூலத்தாலும் பெருக்க வேண்டும். உயரம் 400 மீட்டர், படலம் 1,500 மீட்டர் என்று போட்டால்:

100 கி.மீ. கோட்டுக்கு 15 சதவீதம்,
50 கி.மீ.க்கு 22,
10 கி.மீ.க்கு 49,
2 கி.மீ.க்கு 109.

கடைசி எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேவ்லெட் 2 கி.மீ.க்கு ஒரு மதிப்பைத் தருவது உண்மை. அந்த ஒற்றை மதிப்புக்குப் பொருள் இல்லை. ஒரே சுழிப்பின் உயர்ந்த பக்கத்தில் போனீர்களா, தாழ்ந்த பக்கத்தில் போனீர்களா என்பதைத்தான் அது சொல்லும். வேவ்லெட்டின் பலம் வேறு: ஒரே கோட்டை நான்கைந்து முறை ஓட்டி, ஒரே வகை நிலப்பரப்பின் மேல் விழுந்த துண்டுகளை எல்லாம் ஒன்றாகத் திரட்டிச் சராசரி எடுக்க அது வழிவிடுகிறது. 50 கி.மீ. கோட்டை நான்கு முறை ஓட்டினால் 22 என்பது 11 ஆகும். 50 கி.மீ.க்கு 14 நிமிடம், நான்கு முறைக்குத் திருப்பங்களோடு ஒரு மணி நேரத்துக்கு மேல். அந்த நேரத்துக்குள் சூரியன் நகர்ந்துவிடும், ஆகவே உச்சிப் பொழுதை நடுவில் வைத்துத் திட்டமிடுங்கள். கோட்டின் இரு முனையிலும் வேவ்லெட்டின் விளிம்பு விளைவு இருக்கும், அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். மீதியின் சராசரியைச் சாதாரண கோவேரியன்ஸோடு ஒப்பிடுங்கள். இரண்டும் கணிசமாக விலகினால் கோட்டுக்குள் ஏதோ பெரிய அளவிலான போக்கு புகுந்திருக்கிறது. பெரும்பாலும் அது விமானியின் உயர மாற்றமாக இருக்கும்.

கீழே உள்ள மரம் என்றீர்கள். நேர் கீழே உள்ள மரம் அல்ல. காற்று விநாடிக்கு 3 மீட்டர், வெப்பச்சலன வேக அளவு 2 மீட்டர், படலம் 1,500 மீட்டர் எனில் 400 மீட்டரில் உணர்தடத்தின் (அளவீட்டில் பங்குபெறும் தரைப்பரப்பின்) பாதி அகலம் சுமார் 800 மீட்டர், அதுவும் காற்று வரும் பக்கமாக. ஓக் பட்டையின் மேல் விளிம்பை ஒட்டிய பைன் மேலே பறந்தால் நீங்கள் பார்ப்பது கீழ்ச்சரிவில் உள்ள ஓக். நிறை 69 பைன் மேலே குறையாமல் இருந்தால், அதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

---

இலைப்பரப்பு பதில்:

தரை ஃப்ளக்ஸ் கேள்வியை யாரும் எடுக்கவில்லை, ஆகவே நான்.

400 மீட்டரில் அளந்தது இலை உமிழ்ந்ததைவிடக் குறைவு. ஐசோப்ரீன் மேலே ஏறும் வழியிலேயே காற்றிலுள்ள ஹைட்ராக்சிலோடு (வினைத்திறன் மிக்க OH) வினைபுரிந்து தீர்கிறது. ஹைட்ராக்சில் ஒரு கன செ.மீ.க்கு 2×10⁶ மூலக்கூறு இருந்தால் ஐசோப்ரீனின் ஆயுள் 5,000 விநாடி, ஏறத்தாழ 1 மணி 23 நிமிடம். படலம் முழுக்க 2 பிபிபி பரவியிருந்தால் 1,500 மீட்டரில் ஒரு மணி நேரத்தில் ஒரு சதுர மீட்டருக்கு 6 மி.கி. தீரும். முதல் 400 மீட்டரில் மட்டும் 1.6 மி.கி. அதாவது தரையில் 6 இருந்தால் நீங்கள் அளப்பது 4.4.

இதை மாதிரியிலிருந்து எடுத்து ஒட்டுவதைவிட அளந்துவிடுவது மேல். ஒரே வகைக் காடு நீண்டு கிடக்கும் இடத்தில், ஒன்றின் மேல் ஒன்றாக மூன்று நான்கு உயரங்களில் நீள்வட்டமாகச் சுற்றுங்கள். ஃப்ளக்ஸை உயரத்தோடு வரைந்து நேர்கோடு போட்டால் தரையை வெட்டும் இடம் விடை, சாய்விலிருந்து ஹைட்ராக்சிலையும் கணக்கிடலாம். இங்கே கவனம் தேவை: மாடல்களில் வரும் ஹைட்ராக்சில் எண்ணை வேதவாக்காக எடுக்க முடியாது. 2005-இல் சூரிநாம், பிரெஞ்சு கயானா காடுகள் மேல் நடந்த காப்ரியேல் பறப்புகளில் மாடல் சொன்னதைவிட ஹைட்ராக்சில் பல மடங்கு அதிகமாகத் தெரிந்தது. அதைத் தொடர்ந்துதான் ஐசோப்ரீன் வேதியியலே திருத்தி எழுதப்பட்டது.

படலத்தின் தடிமன் இல்லாமல் இந்தக் கணக்கு எதுவும் நடக்காது. பறப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் சுருளாக ஏறி இறங்கி, வெப்பநிலையும் ஈரப்பதமும் திடீரென மாறும் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சரிவுப் பகுதியில் அது இடத்துக்கு இடம் மாறும். பள்ளத்தாக்கின் நடுவில் எடுத்த ஒரு சுருளை வைத்து மலைச்சரிவுக்கும் ஒப்பேற்ற முடியாது.

தரை ஃப்ளக்ஸ் கிடைத்ததும் அதை 30 டிகிரிக்கும் 1,000 மைக்ரோமோல் ஒளிக்கும் இயல்பாக்கினால்தான் வேறு நாளோடும் உமிழ்வு வரைபடத்தோடும் ஒப்பிட முடியும். இந்த இடத்தில் வெப்பநிலைதான் எமன். 30-க்கும் 35-க்கும் இடையில் உமிழ்வு ஏறக்குறைய 60 சதவீதம் ஏறுகிறது, டிகிரிக்கு 10 சதவீதம் என்று வைத்துக்கொள்ளலாம். 400 மீட்டரில் உள்ள காற்று தரைக்காற்றைவிட 4 டிகிரி குறைவு, வெயிலில் உள்ள இலையோ தரைக்காற்றைவிடச் சூடு. விமானத்து வெப்பநிலையை அப்படியே சூத்திரத்தில் போட்டால், மேலே எல்லாரும் சேர்ந்து பாடுபட்டுக் குறைத்த பிழை மொத்தமும் ஒரே வரியில் திரும்பி வந்துவிடும். கீழ்நோக்கிய அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றை வயிற்றுப் பக்கம் மாட்டுங்கள். ஓக் காட்டில் மரங்களுக்கு நடுவே காய்ந்த புல்லும் சேர்ந்து தெரியும் என்பதால் அதற்கும் ஒரு திருத்தம் வேண்டியிருக்கும்.

செஸ்குவிட்டர்பீன் அளக்கும் ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள். 60 பிபிபி ஓசோனில் காரியோஃபிலின் என்ற செஸ்குவிட்டர்பீன் ஒரு நிமிடம்தான் இருக்கும், 400 மீட்டருக்கு வந்துசேராது.

---

சுழிப்பு பதில்:

ஒன்று விட்டுப்போயிற்று. விமானம் சுழிப்பில் குலுங்கும்போது வெளி அழுத்தம் ஏறி இறங்கும், அதோடு டிரிஃப்ட் குழாயின் அழுத்தமும் கொஞ்சம் ஏறி இறங்கினால் கருவியின் உணர்திறனே செங்குத்துக் காற்றோடு சேர்ந்து ஆடும். செறிவு மாறாமலே ஃப்ளக்ஸ் வந்துவிடும். உறிஞ்சுமுகத்துக்கும் டிரிஃப்ட் குழாய்க்கும் நடுவில் அழுத்தக் கட்டுப்படுத்தி வையுங்கள். 2.2 மில்லிபாரில் நிறுத்தினால் அது பறப்பு முழுக்க அங்கேயே நிற்க வேண்டும்.

அது நிற்கிறதா என்று தெரிந்துகொள்ள, நல்ல குலுக்கல் உள்ள ஒரு கோட்டில் 5 நிமிடம் அளவுத்திருத்த வாயுவை வினையூக்கி வழி வரும் காற்றில் கலந்து ஓட்டுங்கள். செறிவு மாறாது என்று உங்களுக்குத் தெரியும், ஆகவே அதன் 69 ஃப்ளக்ஸ் சுழியத்தைச் சுற்றி விழ வேண்டும். வெறும் ஜீரோ ஏர் இதற்கு உதவாது. சிக்னலே இல்லாத இடத்தில் உணர்திறன் ஆடினாலும் தெரியாது. முதன்மை அயனியான ஹைட்ரோனியத்தை (அதன் ஆக்சிஜன்-18 வடிவத்தை) 21-ஆம் நிறையில் பார்த்து, அதற்கு இயல்பாக்கும் முன்பும் பின்பும் இரண்டு முறை கணக்கிடுங்கள். இயல்பாக்கிய பின்னும் சுழியம் வரவில்லை என்றால் கோளாறு அயனி மூலத்தில் இல்லை. அழுத்தக் கட்டுப்படுத்தியையும் குழாய் இணைப்புகளையும் பாருங்கள்.